எந்தப் படி வரைக்கும்?

சேலம்

எங்கள் தெருவுக்குக் காவிரி குழாய் வழியாகத்தான் வருவாள். மேட்டூர் தொட்டில்பட்டியில் ஏற்றப்பட்டு, மண்ணுக்கடியில் ஊர் ஊராகக் கடந்து, கோடையில் ஐந்து நாளைக்கு ஒருமுறையோ எட்டு நாளைக்கு ஒருமுறையோ எங்கள் வீட்டுத் தொட்டியில் வந்து விழுவாள். தெருமுனையில் யாராவது "தண்ணி விட்டாச்சு" என்று குரல் கொடுத்தால், அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு ஓடுவோம். முப்பத்தொரு வருட ஆசிரியர் வேலையில் நான் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போன நாட்களெல்லாம் தண்ணீர் வந்த நாட்கள்தான். அண்டா, குடம், டிரம், மூடி போட்ட வாளி என்று வீட்டில் பாதி இடம் தண்ணீருக்கு. எனக்குத் தண்ணீர் என்றால் பிடித்து வைப்பது, மூடி வைப்பது, அளந்து செலவழிப்பது.

ஓய்வு பெற்ற பணம் கைக்கு வந்ததும் மனதில் எழுந்தது ஒரே ஆசை. யாரும் பிடித்து வைக்க வேண்டாத தண்ணீர் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்க, அதைப் பார்த்தபடி ஒரு திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

முதலில் கன்னங்குறிச்சி மூக்கனேரிப் பக்கம்தான் தேடினேன். சேர்வராயன் மலைத் தண்ணீர் வந்து தங்கும் ஏரி அது. 2010இல் சேலம் மக்கள் குழுவினர் அதைத் தூர்வாரி, வாரிய மண்ணையே ஏரிக்குள் திட்டுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். இன்று அந்தத் திட்டுகளில் நீர்க்காகமும் கொக்கும் வந்து அடைகின்றன. கரையைச் சுற்றிலும் இருப்பவர்கள் காலையில் பால்கனியில் நின்று அதைப் பார்க்கிறார்கள். விலை என் கைக்கு எட்டவில்லை. தவிர, என் மனம் ஓடும் தண்ணீரையே கேட்டது.

என் அண்ணன் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். விஷயத்தைச் சொன்னதும் சிரிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. "பாப்பா, ஆத்தோரத்துல வீடு வாங்கறதுன்னா ஆத்தைப் பாக்கறதுக்கு முந்தி அ பதிவேட்டைப் பாக்கணும். ரெண்டையும் சேத்தே பாத்துட்டு வரலாம், வா" என்றார். 2024 சித்திரை. சேலத்தில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டிக்கொண்டிருந்தது. பண்ணவாடியில் நீர்த்தேக்கத்தைப் பார்த்துவிட்டு, மேட்டூரிலிருந்து மோகனூர் வரைக்கும் ஆற்றின் இடதுகரையை ஒட்டியே இறங்குவது என்று முடிவு செய்தோம்.

பண்ணவாடி

மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., முழு நீர்மட்டம் 120 அடி. நாங்கள் போனபோது நீர்மட்டம் அறுபது அடிக்கும் கீழே. அணைக்கு மேலே, பண்ணவாடி பரிசல் துறையில் தண்ணீர் எங்கோ தள்ளி ஒரு கோடாகத் தெரிந்தது. அதுவரைக்கும் வெடித்த வண்டல். நடுவில் ஜலகண்டேஸ்வரர் கோவிலின் நந்தி முழுசாக வெளியே உட்கார்ந்திருந்தது. மூக்கும் காதும் தேய்ந்துபோன அந்த நந்தியின் கழுத்தில் யாரோ புது செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள்.

1925இல் தொடங்கி 1934இல் முடிந்த அணை இது. காவேரிபுரம், சாம்பள்ளி, நாயம்பாடி என்று ஆற்றங்கரை ஊர்கள் பல இடம்பெயர்ந்தன. நீர் வற்றும்போது அந்த நிலத்தில் மேலே குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இறங்கிச் சோளமும் எள்ளும் கடலையும் போடுகிறார்கள். நீர் ஏறினால் விட்டுவிட்டு மேலே போகிறார்கள்.

வலை காயவைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களைத் தம் வீட்டுக்குக் கூட்டிப்போனார். ஓட்டு வீடு, சிமெண்டுச் சுவர். வாசல் கதவு மட்டும் அந்த வீட்டுக்குப் பொருந்தாத கனத்தில் இருந்தது. ஒரே பலகையில் செதுக்கியது போன்ற இரண்டு கதவுகள், தேய்ந்த இரும்பு வளையம், நிலையின் மேல்கட்டையில் தாமரை. "எங்க தாத்தன் ஊரைக் காலி பண்ணையில நெலவையும் கதவையும் கழட்டி வண்டியில போட்டுக்கிட்டு வந்தாருங்க. சொவரு போனா போகுது, வாசலு நம்மளுது அப்படின்னாராம்." கதவின் கீழ் ஓரத்தை விரலால் தடவிக் காட்டினார். அங்கே மரம் கறுத்து, நார் நாராகப் பிரிந்திருந்தது. அணைக்கு முன்னாலேயே ஆறு வந்து நனைத்த தழும்பு என்றார். தொண்ணூறு வருடமாக உலர்ந்த மேட்டில் நிற்கிறது அந்தக் கதவு. ஈரம் பட்ட இடம் இன்னும் தெரிகிறது.

அவர் வீட்டில் அரஞ்சான் மீனை மஞ்சளும் மிளகாயும் தடவிச் சட்டியில் முறுகப் பொரித்துத் தந்தார்கள். விரல் நீளம்கூட இல்லாத மீன், முள்ளோடு மென்றுவிடலாம். அணைப் பூங்காவுக்கு வெளியே கடைகளில் விற்கும் பெரிய கட்லாத் துண்டுகளைவிட எனக்கு இதுதான் பிடித்தது.

பூலாம்பட்டி

அணைக்குக் கீழே ஆறு ஆறாகவே இல்லை. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாக மின்சாரத்துக்கான கதவணைகள். ஒன்றன் தேக்கம் முடியும் இடத்தில் அடுத்தது தொடங்குகிறது. அதனால்தான் சித்திரையிலும் பூலாம்பட்டியில் கரைமுட்டத் தண்ணீர் நிற்கிறது. தென்னை, வாழை, நெல், அக்கரையில் மலை. 'குட்டிக் கேரளா' என்று ஊர்க்காரர்களே பெருமையாகச் சொல்கிறார்கள். விசைப்படகில் மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு நெரிஞ்சிப்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்களோடு நாங்களும் ஒருமுறை போய்வந்தோம். ஒரு பெண்ணின் மடியில் தயிர்த்தூக்கு, பக்கத்தில் பள்ளிக்கூடப் பை. அவளுக்கு அந்த ஆறு ஒரு சாலை.

கரையை ஒட்டி மனைப்பிரிவு ஒன்று போட்டிருந்தார்கள். வண்ணக் கற்கள், செயற்கைப் புல், வாசலில் வளைவு. தரகர் இளைஞர், மரியாதையாகப் பேசினார். "அக்கா, இந்த வரிசை மனை வாங்கினா ஆறு உங்க கொல்லைதான்." அண்ணன் புலப்படத்தைக் கேட்டு வாங்கி, கல்லைத் தேடிக்கொண்டு வரப்போரம் நடந்தார். கடைசி அளவுக்கல் வேலிக்கு இருபது தப்படி இந்தப் பக்கமே இருந்தது. கல்லுக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருப்பது ஆற்றுப் புறம்போக்கு. மனையை விற்கலாம், அங்கீகாரமும் வாங்கியிருக்கலாம். விளம்பரத்தில் காட்டுகிற அந்தப் புல்வெளியும் படிக்கட்டும் விற்பவருக்கும் சொந்தமில்லை, வாங்குகிறவருக்கும் ஆகாது. "நாளைக்கே பொதுப்பணித் துறை வந்து முள்வேலி போட்டா கேக்க முடியாது பாப்பா" என்றார் அண்ணன்.

எனக்கு அதைவிட உறுத்தியது வேறு. அங்கே கேட்க ஆளில்லை. வெள்ளம் எதுவரைக்கும் வந்தது என்று கேட்டால் தரகர், "இங்கெல்லாம் வராதுக்கா" என்றார். அவர் ஊர் எடப்பாடிக்கு அந்தப் பக்கம். முன்பு அது கரும்புக் காடாக இருந்தது என்று மட்டும் தெரிந்துகொள்ள முடிந்தது. யாரும் அங்கே ஒரு ஆடியைக்கூடத் தூங்கிக் கழித்ததில்லை.

குமாரபாளையம்

பத்து பதினைந்து கிலோமீட்டர் முன்பிருந்தே ஊர் காதில் விழுவது போல ஒரு எண்ணம் எனக்கு. குமாரபாளையத்தில் விசைத்தறிச் சத்தம் இல்லாத தெரு கிடையாது. கைலியும் துண்டும் நெய்கிற ஊர். ஆற்றுக்கு நேர் எதிரே பவானி. பவானியாறும் காவிரியும் சேரும் கூடுதுறை, சங்கமேசுவரர் கோபுரம் எல்லாம் இந்தக் கரையில் நின்றால் கைக்கெட்டும் தூரம். மணியடித்தால் இங்கே கேட்கும், தறி நின்றிருந்தால்.

நாங்கள் பார்க்கப்போன வீடு ஆற்றுக்கு இரண்டாவது வரிசை. முன்வாசல் தெருவைப் பார்த்து, பின்கட்டு ஆற்றைப் பார்த்து. வீட்டில் எண்பது வயதைத் தொடும் ஒரு பெரியம்மாவும் இரண்டு தறியும்தான். மகன்கள் திருப்பூரில். விற்றுவிட்டு அங்கே வரச்சொல்கிறார்கள். "விக்கறதா வேண்டாமான்னு அவனுக சொல்லட்டும். வாங்கறவங்க யாருன்னு நான் பாக்கோணும்" என்று உட்கார வைத்தார்.

அந்த வீட்டை நான் பார்த்த விதத்தையே சொல்லிவிடுகிறேன். உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது மின்சார மீட்டர். ஆள் உயரத்துக்கும் மேலே, முக்காலி போட்டால்தான் எட்டும் இடத்தில் இருந்தது. அட்டாலி அகலமாக, இரண்டு பேர் படுக்கும்படி. உத்தரத்தில் தறிக்கு நேர் மேலே கனமான இரும்புக் கொக்கி. தறி மோட்டாரைச் சங்கிலியில் கோத்துத் தூக்கிக் கட்டுவதற்கு. சமையலறைத் திண்டுக்கு அடியில் கதவு வைத்த அலமாரி கிடையாது, வெறும் கல். சுவரில் இடுப்பளவுக்குச் சுண்ணாம்பு, பெயிண்ட் இல்லை. "பெயிண்டு அடிச்சா தண்ணி வடிஞ்ச பொறவு கொப்புளம் கொப்புளமா உரியும் அம்மிணி. சுண்ணாம்புன்னா கழுவிட்டு நாமளே பூசிக்கலாம்" என்றார். ஒவ்வொரு பொருளும் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்கக் கேட்க, அந்த வீடு கட்டப்பட்ட காரணங்கள் வெளியே வந்தன. எந்தப் பொறியாளரும் வரைந்து தந்ததல்ல. ஒவ்வொரு வெள்ளமும் போனபிறகு ஒரு திருத்தம்.

பின்கட்டுச் சுவரில் மூன்று கோடுகள். 2005இல் வந்தது ஆணியால் கீறியது, என் முழங்கால் உயரம். 2018 ஆகஸ்டில் வந்தது கணுக்காலுக்கு மேலே, சுண்ணாம்பு நீலத்தில். அதற்கு மேல் நான்கு விரற்கடையில் 2022, பேரன் நீலப் பெயிண்டில் தேதியோடு எழுதியது. 2018, 2022 ஆகிய இரண்டு வருடமும் மேட்டூரிலிருந்து இரண்டு லட்சம் கன அடியளவில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்பது செய்தித்தாளில் நானும் படித்ததுதான். சேலத்தில் படித்தபோது அது ஒரு எண். இங்கே அது ஒரு கோடு. 2022இல் ஆடிப்பெருக்கை ஒட்டியே வெள்ளம் வந்ததை நினைவூட்டி, "அந்த வருசம் நாங்க ஆத்துக்குப் போகல, ஆறே வூட்டுக்கு வந்து கும்புடு வாங்கிக்கிச்சு" என்றார்.

பின்வாசலைத் திறந்தால் கருங்கல் படிகள். எண்ணினேன், பதினான்கு. கீழ்ப்படியிலிருந்து தண்ணீர் அன்று பத்தடி தள்ளிப் பாறைகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. நீர்க்காகம் ஒன்று இறக்கையை விரித்துக் காயவைத்தபடி நின்றது. எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடத் தோன்றியது.

"எந்தப் படி வரைக்கும் வந்தா பெரியம்மா பயம்?"

"ஆறாவது படியில நின்னா சும்மா பாத்துக்கிட்டு இருப்போம். ஒன்பதுக்கு வந்தா தறிப் பாவை அறுத்து மேல ஏத்துவோம். பதினொண்ணுன்னா மோட்டாரு கொக்கிக்குப் போயிரும். பன்னெண்டுல நானே அட்டாலியப் பாக்க மாட்டேன், மண்டபத்துக்குப் போயிருவேன்." பிறகு ஒன்று சொன்னார். "அம்மிணி, கண்ணுல பாக்கறதுக்கு முந்தி காதுலயே தெரியும். கீழ்த்தெருவுல தறிச் சத்தம் நின்னு போச்சுன்னா தண்ணி வருதுன்னு அர்த்தம்."

அண்ணன் இதற்குள் தாய்ப்பத்திரத்தை விரித்துவிட்டார். மங்கிய மை, முத்திரைத்தாள் மடிப்பில் கிழிசல். செக்குபந்தி எழுதிய இடத்தில் விரலை வைத்தார். மூன்று பக்கமும் ஆள் பெயர். நான்காவது, 'காவேரி ஆற்றுக்குக் கிழக்கு'. நீண்ட நேரம் அதையே பார்த்தார்.

"ஆத்துக்குக் கிழக்குன்னா எந்த ஆறு பாப்பா? சித்திரை ஆறா, ஆடி ஆறா?"

புலப்படத்தோடு ஒப்பிட்டதில் வீடும் தறிக்கூடமும் பட்டாவுக்குள். பின்கட்டுத் தாழ்வாரத்தில் ஒரு பகுதியும் அந்தப் பதினான்கு படிகளும் வெளியே. பத்திரத்தில் எழுதியவர் மனதில் ஆறு படிக்குக் கீழே இருந்தது. அளந்து கல் நட்டவர் கணக்கில் ஆறு தாழ்வாரத்தில் தொடங்கியது. 1905ஆம் வருடத்து நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி ஆறும் அதன் படுகையும் அரசின் சொத்து. நான் ஆசைப்பட்டு உட்கார்ந்த படி, ஒருக்காலும் என் பெயருக்கு எழுதப்படாத படி. எனக்கு வருத்தம் வரவில்லை. நியாயம் என்றே பட்டது. ஆற்றுக்கும் கால் நீட்ட இடம் வேண்டும்.

மதியம் அரிசிம்பருப்புச் சோறு. துவரம்பருப்பும் அரிசியும் சின்ன வெங்காயமும் ஒன்றாகக் குழைந்து, மேலே நெய், பக்கத்தில் கத்தரிக்காய்ப் பொரியல், தயிர். பெரியம்மா என் இலையில் இரண்டாம் முறை வைத்தபோதே பாதி சம்மதம் சொல்லிவிட்டார் என்று தெரிந்துகொண்டேன்.

சாப்பிட்டபின் கீழ்த்தெருவுக்கு இறங்கினோம். இந்திரா நகர், கலைமகள் தெரு, மணிமேகலை தெரு என்று ஒவ்வொரு வெள்ளத்தின்போதும் செய்தியில் வரும் தெருக்கள். வீடுகள் நெருக்கமாக, வாசல் தெருமட்டத்துக்கே. ஒரு பெண் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பீரோவைச் செங்கல் அடுக்கின் மேல் ஏற்றி வைத்திருந்தாள். ஆதார், ரேஷன் அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாம் ஒரு நெகிழிப் பையில் ஆணியில் தொங்கின. வேறெங்காவது போகலாமே என்று கேட்டேன். கேட்டபிறகு கூச்சமாக இருந்தது.

"எங்கக்கா போறது? தறி இங்க. ராத்திரி ஷிப்ட்டு முடிஞ்சு ரெண்டு மணிக்கு வரணும். ஊருக்கு வெளிய வீடு குடுத்தா எப்படி வரது? வருசத்துல மூணு நாளு பள்ளிக்கூடத்துல படுத்துக்கிட்டா மிச்சம் முன்னூத்தி அறுவத்தி ரெண்டு நாளும் எங்க வூடுதானே."

கீழ்த்தெருக்காரர்களுக்கு வெள்ளம் தெரியாது என்று நினைப்பவர்கள் அவளோடு பத்து நிமிடம் பேச வேண்டும். எந்த மதகு திறந்தால் எத்தனை மணி நேரத்தில் எந்த வீட்டு வாசலுக்கு வரும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அங்கே இருப்பதற்குக் காரணம் கூலி. மேட்டில், தறிக்கூடத்துக்கு நடந்து போகிற தூரத்தில், அவளைப் போன்றவர்களுக்கு இரண்டு சென்ட் பட்டா கொடுத்தால் அவள் போவாள். தொலைவில் கட்டிக் கொடுத்துவிட்டு, கொடுத்தும் போகவில்லை என்று குறை சொல்வது சரியல்ல. இதை நான் எழுதியே ஆக வேண்டும்.

அந்தத் தெரு முனையில் தண்ணீர் ஒரு வாய்க்காலில் கருநீலமாக ஆற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அனுமதி இல்லாத சாயப்பட்டறைகளை அவ்வப்போது இடிக்கிறார்கள். அன்று அந்த வாய்க்கால் வழியே வந்த நிறம் நான் கண்ணால் பார்த்தது. பெரியம்மாவின் படியில் உட்கார்ந்து பார்க்கும்போது தெரியாத ஒன்று, ஐம்பது தப்படி தள்ளி நின்றால் மூக்கில் ஏறுகிறது. வீடு வாங்குகிறவர்கள் காலை ஆறு மணிக்கு ஒருமுறை போய் மூச்சை இழுத்துப் பார்க்க வேண்டும்.

பள்ளிபாளையம்

ஈரோட்டுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் பள்ளிபாளையம். காகித ஆலை, தறி, பாலத்தில் எந்நேரமும் நெரிசல். காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டு, சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல்லோடு வறட்டிய பள்ளிபாளையம் சிக்கனை அதன் சொந்த ஊரிலேயே ஒரு சின்ன மெஸ்ஸில் சாப்பிட்டோம். ஊர் பெயரைப் போட்டு மற்ற இடங்களில் விற்பதில் மசாலாத் தூள் கிடக்கிறது. இங்கே மிளகாயும் எண்ணெயும்தான்.

ஜனதா நகர்ப் பக்கம் ஒரு வீடு மலிவு என்று ஒருவர் கூட்டிப்போனார். மலிவுக்குக் காரணம் கேட்டதும் ஒரு கட்டுக் காகிதம் எடுத்து வந்தார்கள். வீட்டு வரி ரசீது, கரண்ட் பில், அதற்குக் கீழே மஞ்சள் பாரித்த சின்னச் சின்னச் சீட்டுகள். அண்ணன் அவற்றை எடுத்ததும் முகம் மாறியது. பி மெமோ. அரசு நிலத்தில் இருப்பதற்காக விதிக்கப்படும் அபராதச் சீட்டு. வேலையில் இருந்தபோது அவரே எத்தனையோ எழுதியிருக்கிறார். அந்தக் குடும்பம் அதைக் கோவில் சாவி போலப் பட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்தது. அம்பது வருசமாக் கட்டறோங்க, அப்போ எங்களுதுதானே என்றார் அந்த வீட்டுக்காரர். அபராதம் கட்டிய ரசீது உரிமை ஆகாது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல அண்ணனால் முடியவில்லை. வெளியே வந்து வெகுநேரம் பேசாமல் நடந்தார். "எழுதிக் குடுக்கையில நான் நிமிந்து பாத்ததே இல்ல பாப்பா."

ஜேடர்பாளையம்

இங்கே படுகையணையில் தண்ணீரைத் திருப்பி ராஜவாய்க்காலில் விடுகிறார்கள். இதை வெட்டியவர் என்று ஊர் கொண்டாடுவது அல்லாள இளைய நாயக்கரை. பரமத்தி வேலூர், மோகனூர் வரைக்கும் வெற்றிலையும் வாழையும் நெல்லும் விளைவது அந்த வாய்க்காலால். கொடிக்காலுக்குள் நுழைந்தால் வெயில் கதவைச் சாத்திக்கொண்டது போல நின்றுவிடுகிறது. அகத்தியில் ஏறிய வெற்றிலை, காலடியில் ஈரமண், கிள்ளுகிற பெண்களின் பேச்சு மட்டும்.

நான் கவனித்தது வீடுகள் இருந்த இடம். ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் வயலும் கொடிக்காலும். வாய்க்காலுக்கு மேட்டுப்பக்கம் வீடுகள். ஒவ்வொரு நாலு வீட்டுக்கும் வாய்க்காலில் இறங்க ஒரு படித்துறை. ஆற்றை நேராகப் பார்த்து யாரும் வாசல் வைக்கவில்லை. பாத்திரம் துலக்க, மாட்டைக் கழுவ, பிள்ளைகள் நீச்சல் பழக எல்லாம் வாய்க்கால். வெள்ளம் வந்தால் வயலில் பரவி வண்டலை விட்டுவிட்டுப் போகும். வீடு நனையாது. தண்ணீரோரம் வாழ்வதை இதைவிட நன்றாக யோசித்த ஊரை இந்தப் பயணத்தில் நான் பார்க்கவில்லை. அங்கே விலைக்கு வீடு எதுவும் இல்லை. நாங்கள் விசாரித்தவர்கள் எல்லாரும், "இங்க யாருங்க விக்கறாங்க?" என்று திருப்பிக் கேட்டார்கள்.

நன்செய் இடையாறு

பரமத்தி வேலூரை அடுத்து நன்செய் இடையாறு. திருவேலீசுவரர் கோவிலுக்கு அந்தப் பக்கம் திருமணிமுத்தாறு காவிரியில் சேர்கிறது. சேர்வராயன் மலையில் பிறந்து, எங்கள் சேலத்துக்கு நடுவே ஓடிவரும் அதே திருமணிமுத்தாறு.

நான் பிறந்ததிலிருந்து அதைப் பாலத்தின் மேல் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டே கடந்திருக்கிறேன். இங்கே மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்த கிழவர் ஒருவர், அவற்றை அந்தப் பக்கம் போகவிடாமல் அதட்டித் திருப்பினார். "எந்த ஊருங்க?" என்றார். சேலம் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மணலில் கறுப்பாக ஒரு கசிவு காவிரியை நோக்கிப் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எங்கள் தெருவில் அண்டா அண்டாவாகப் பிடித்த காவிரியை நாங்கள் திருப்பிக் கொடுத்திருக்கும் கோலம் அது. எங்கள் வீட்டுச் சாக்கடையின் கடைசி வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

மோகனூர்

நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை பிறந்த ஊர். ஆறு இங்கே பரந்து கிடக்கிறது, எதிரே வாங்கல். மாலையில் பாலத்துக்குக் கீழே மணலில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். கட்டுச்சோறு, சுண்டல், குழந்தைகள் தோண்டிய குழிகளில் தண்ணீர் ஊறியது. அண்ணன் ஒரு குழியின் ஓரம் உட்கார்ந்து, ஊறுவதையே பார்த்தார். அசலதீபேசுவரர் கோவிலில் விளக்கேற்றிவிட்டு அன்றிரவே சேலம் திரும்பிவிட்டோம். வீட்டுக்கு வந்தபோது தண்ணீர் வராத ஆறாம் நாள்.

மறுபடி குமாரபாளையம்

கிளம்பும்போது பெரியம்மா சொல்லி அனுப்பியிருந்தார். "ஆத்தோரத்து வூட்ட ரெண்டு தடவ பாக்கோணும் அம்மிணி. சித்திரையில ஒண்ணு, ஆடியில ஒண்ணு. சித்திரையில பாத்துட்டுக் காசு குடுக்காத." முன்பணம் நீட்டிய அண்ணனின் கையைத் தள்ளிவிட்டார். விற்கிறவர் வாங்குகிறவரிடம் இப்படிச் சொன்னதை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

கர்நாடகத்தில் மழை பிடித்தது. நந்தி முழுகிவிட்டது என்று பண்ணவாடியிலிருந்து செய்தி வந்தது. ஜூலை 30ஆம் தேதி மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டது. அடுத்த நாட்களில் திறந்துவிட்ட தண்ணீர் ஒன்றரை லட்சம் கன அடியைத் தாண்டியது. தொலைக்காட்சியில் பதினாறு கண் மதகு வழியே நுரைத்துக்கொண்டு போகிற தண்ணீரைக் காட்டினார்கள். நான் நீர்வரத்து எண்ணைப் பார்க்கவில்லை. பதினான்கு கருங்கல் படிகளை மனதில் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு எட்டு மணிக்குப் பெரியம்மாவே போனில் பேசினார்.

"ஒன்பதாவது படி நனைஞ்சிருச்சு அம்மிணி. பாவை மேல ஏத்தியாச்சு. கீழ்த்தெருப் பிள்ளையும் அவ பசங்களும் நம்ம முன்கட்டுலதான் இருக்காங்க. வரியா, பாக்கறியா?"

அவர் பேச்சுக்குப் பின்னால் எப்போதும் கேட்கும் தறிச் சத்தம் அன்று இல்லை. அந்த அமைதியில் வேறொரு சத்தம், அகலமாக, விடாமல் போய்க்கொண்டிருந்தது. நான் அண்ணனை எழுப்பப் போனேன். அவர் ஏற்கெனவே சட்டை போட்டுக்கொண்டு டார்ச் லைட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.